ராஜஸ்தானுக்கு நாலு டிரம் நல்ல தண்ணி

காசிராஜன்னு நான் பேரு சொல்லித்தான் சொல்லுவேன். கட்டின புருசன் பேரச் சொல்லலாமான்னு கேக்கிறவுக முழுசையும் கேட்டுட்டுப் பொறவு வாங்க. பதினோரு வருசம் நானும் "அவிய"ன்னுதான் சொன்னேன். ரேசன் கடையில பேரு கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளச் சொல்லச் சொல்லிட்டு நான் தலையக் குனிஞ்சுக்கிடுவேன். அம்புட்டு மரியாதை. அந்த மரியாதையக் கொண்டுபோயி குப்பையில கொட்ட.

எங்களுக்குச் சொந்தமா ஒரு பழைய லாரி இருந்துச்சு. இராஜபாளையத்துல பஞ்சுப் பொதி, நூலு, பேண்டேஜ் துணின்னு லோடு கெடைச்சுக்கிட்டே இருக்கும். மதுரை, கோயமுத்தூரு, எப்பவாச்சும் நாக்பூருன்னு ஓட்டிக்கிட்டிருந்தாரு. நான் பேண்டேஜ் கம்பெனியில தையல் மிசின்ல இருந்தேன். எனக்குப் பிள்ளையில்ல. அது தெருவுக்கே தெரியும், அதப் பத்தி இங்க பேச ஒண்ணுமில்ல.

தொண்ணூத்தி மூணு சித்திரைன்னு நெனைக்கேன். அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. மலைத்தண்ணி கொறைஞ்சுபோயி, எங்க தெருக் குழாயில வாரத்துக்கு ஒருக்கத்தான் வரும். வந்தாலும் வீட்டுக்கு நாலு கொடம்தான் கணக்கு. அஞ்சாவது கொடத்த நீட்டுனா குழாயடியில மயிரப் புடிச்சிருவாளுக. துவைக்க, பொழங்க உப்புத்தண்ணி அடிபம்புல கெடைக்கும். ஆனா குடிக்க, சோறாக்க அந்த நாலு கொடம்தான். நாங்க அத மலைத்தண்ணின்னு பேரு சொல்லாம "நல்ல தண்ணி"ன்னு மட்டுந்தான் சொல்லுவோம்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உக்காந்தவரு, "ஏட்டி வேலுத்தாயி, ராஜஸ்தானுக்கு ஒரு லோடு வந்திருக்கு"ன்னாரு.

எனக்கு ராஜஸ்தான்னா படத்துல பாத்த ஒட்டகம்தான் தெரியும். "அங்க எதுக்குங்க?"ன்னேன்.

"பாலைவனத்துக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி. பேண்டேஜ் துணி கேட்டிருக்கான். லோடு மதுரை குடோன்ல ஏத்தணும். போக, வர ஒரு மாசம் ஆயிரும். ஆளரவமே இல்லாத ரோடாம். மைல் கணக்குல ஒரு டீக்கடை கெடையாதாம். வண்டி நின்னுச்சுன்னா நின்னதுதான்."

போகாண்டாம்னு அழுதேன். அவரு என் தலையத் தடவிக் குடுத்தாரு. "சாமான் சரியா இருந்தா ஒண்ணும் ஆவாதுட்டி. நீ கூட நின்னு எடுத்துக் குடு"ன்னாரு. அந்தக் கைய நம்புனேன் பாருங்க.

மறுநாள்லேர்ந்து எங்க வீட்டு வாசல்ல ஒரே சாமான். மணல்ல டயரு எறங்கிருச்சுன்னா அடியில குடுத்து ஏத்தணும்னு நீளம் நீளமாப் பலகை. மணலத் தள்ள மம்பட்டி, இரும்புச் சட்டி. டயருக்கு முன்னாடி நனைச்சு விரிக்க ஒரு கட்டுச் சாக்கு. இழுக்கிறதுக்குத் தாம்புக் கயிறு. எல்லாத்தையும் நான்தான் தொடைச்சு, கட்டி, பின்பலகை ஓரமா அடுக்குனேன். ஒரு டிரைவர் பெண்டாட்டிக்கு வண்டியப் பத்திக் கொஞ்சமாச்சும் தெரியாமலா இருக்கும்? "ஸ்டெப்னி இன்னொண்ணு வேணும்லங்க?"ன்னு கேட்டேன். "மதுரையில வாங்கிக்கிடலாம்"னாரு. "பேன் பெல்ட்டு? ரேடியேட்டர் ஓசு? டியூபு?" எல்லாமே மதுரைதான். பலகையும் மம்பட்டியும் இங்கயே வாங்கணும், பெல்ட்டு மட்டும் மதுரையில வாங்கணுமா? கிறுக்கி, எனக்கு அப்பவே மண்டையில ஒறைச்சிருக்கணும். ஒறைக்கல.

கடைசியாத் தண்ணிக்கு வந்தாரு. "அங்க கெணத்துத் தண்ணி பூராம் உப்பு. குடிக்கவும் ஆவாது, ரேடியேட்டர்ல ஊத்துனா அடைச்சிக்கிரும். இங்க இருந்தே நாலு டிரம் நல்ல தண்ணி கொண்டுபோணும்."

நாலு டிரம்! எங்க வீட்டுத் தண்ணியப் பூராம் ஊத்துனாலும் ஒரு டிரம்மோட அடி நனையாது. தெருவுலதான் கேக்கணும். அவரு கேக்க மாட்டாரு, கௌரவம். நான் போயிக் கேட்டேன். எடுத்துச் சொல்லுதேன், நான்தான் வீடு வீடாப் போயிக் கேட்டேன். "எங்க வீட்டு ஆளு பாலைவனத்துக்குப் போறாவ, ஒரு கொடம் ஊத்துங்க தாயி"ன்னு.

எங்க தெருவு மாதிரி தெருவு வராது. சீனியம்மாளுக்குப் பிரசவ வலி வந்தப்ப எங்க லாரியிலதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. அவ ரெண்டு கொடம் கொண்டாந்தா. மாமியாக்காரி மொணங்குனதுக்கு, "ஒரு வாரம் உப்புத்தண்ணியில சோறாக்குனா செத்தா போயிருவோம்"னு வாய அடைச்சிட்டா. மேலத்தெருவுல இருந்துகூட தூக்கிட்டு வந்தாவ. ஒருத்தி பச்சப்பிள்ளைக்காரி, அவகிட்ட நானே வேண்டாம்னேன். கேக்கல, அரைக் கொடம் ஊத்திட்டு, "அண்ணன் பத்திரமா வரட்டும் மதினி"ன்னு சொல்லிட்டுப் போனா. நாலு டிரம்மும் கழுத்து வரைக்கும் நெறைஞ்சிருச்சு. தூசி விழாம இருக்கக் கம்பெனியில இருந்து பேண்டேஜ் துணி வாங்கியாந்து, நாலு மடிப்பா மடிச்சு, டிரம் வாயில இறுக்கிக் கட்டுனேன்.

ஊத்தாதவ ஒருத்திதான், ஞானபாக்கியம். அடுத்த வீடு. கம்பெனியிலயும் எனக்கு அடுத்த மிசின். கிறிஸ்மஸுக்கு அவ வீட்டு முறுக்கு மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும், பொங்கலுக்கு எங்க வீட்டுக் கரும்பு அவ வீட்டுக்குத்தான் போவும். அவகிட்ட கேக்கணும்னுகூட எனக்குத் தோணல, தானா கொண்டாருவான்னு இருந்தேன். வரல. போயிக் கேட்டேன். "என்கிட்ட இல்ல வேலுத்தாயி"ன்னா. அவ தோளுக்குப் பின்னாடி மூடி போட்டு நெறைகொடம் வரிசையா இருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "பாலைவனத்துக்குப் போற மனுசனுக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்த மனசில்லாதவ, கோயில்ல போயி முட்டி போட்டு என்னட்டி பிரயோசனம்?"னு நடுத்தெருவுல நின்னு கேட்டேன். அவ கதவச் சாத்திட்டா. மறுநாள் கம்பெனியில சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி என் மிசின அந்தக் கடைசிக்கு மாத்திக்கிட்டேன்.

இனிமே கித்தான் பையப் பத்திச் சொல்லணும். வடக்க போற லாரிக்காரங்க வண்டிக்கு முன்னாடி தண்ணிப் பை ஒண்ணு கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, பாத்திருப்பீக. கெட்டிக் கித்தான் துணியில தைச்சது. வண்டி ஓடையில காத்துப் பட்டு உள்ள தண்ணி ஐஸாட்டம் குளுந்துரும். டிரம் தண்ணி வெயில்ல கொதிச்சுப்போவும், கையில குளுந்த தண்ணி ஒண்ணு வேணும்ல? அவரு கேக்கவேயில்ல, நானாத்தான் தைச்சேன். மிசின மாத்துறதுக்கு முந்தியே, கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல உக்காந்து ரெட்டைத் தையல் போட்டேன். கித்தானுல ஊசி ஒடைஞ்சு வெரல்ல ஏறிருச்சு, தழும்பு இந்தா இருக்கு பாருங்க. புதுப் பை ஒழுகும். தண்ணியில ஊறப் போட்டா நூலு உப்பி, ஓட்டை அடைச்சிக்கிரும். அதுக்காக எங்க வீட்டுல கடைசியா இருந்த நல்ல தண்ணிய அந்தப் பையில ஊத்தி, ஒழுகுறத சட்டியில புடிச்சு, திரும்ப ஊத்தி, அப்படியே ஊற வச்சேன். பொறவு ஒரு பொட்டு ஒழுகல. கொல்லையில ஆணியில மாட்டி வச்சேன்.

கெளம்புற அன்னைக்குக் காலையில தெருவே வாசல்ல நின்னுச்சு. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சோம். சூடம் காட்டுனேன். அவரு எல்லாருக்கும் கும்பிடு போட்டாரு. சீனியம்மா கண்ணத் தொடைச்சுக்கிட்டா. அவரும் தொடைச்சுக்கிட்டாரு! அட நடிகா! வண்டி முக்குத் திரும்புற வரைக்கும் நின்னுட்டு உள்ள வாரேன், கொல்லையில கித்தான் பை தொங்குது.

அய்யோ, அம்புட்டயும் எடுத்துக் குடுத்துட்டு இத மறந்துட்டனே, அந்த வெயில்ல மனுசன் கொதிதண்ணியக் குடிச்சுக்கிட்டா கெடப்பாருன்னு நெஞ்சு அடிச்சுக்கிருச்சு. ஆனா ஒரு தைரியம் இருந்துச்சு. வடக்க போற எங்க ஊரு வண்டி எதுவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிக்காமப் போவாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைச்சு, டீ குடிச்சிட்டுத்தான் போவும். தண்ணி நெறைஞ்ச பையத் தோள்ல போட்டுக்கிட்டு டவுன் பஸ்ஸுல ஏறிட்டேன். கம்பெனிக்கு லீவுகூடச் சொல்லல. பஸ்ஸுல எல்லாரும் பையப் பாக்காக. "எங்க வீட்டு ஆளு ராஜஸ்தான் போறாவ"ன்னு நானே கண்டக்டர்கிட்டச் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன், என்ன செய்ய.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல வண்டியக் காணோம். எப்பவும் அவரு டீ குடிக்கிற கடைக்காரரக் கேட்டேன்.

"தேங்கா ஒடைக்கலையேம்மா. இந்தா எதுத்தாப்புல சிமெண்ட் கடையில நின்னு மூட்டை ஏத்துனாரு. எங்கண்ணேன்னேன். சுந்தரபாண்டியம்னாரு."

அப்பவும் எனக்குத் தப்பா எதுவும் தோணல. வண்டி காலியாத்தான போவுது, போற வழியில யாருக்கோ சிமெண்ட எறக்கிட்டு, டீசலுக்கு ஆச்சுன்னு போறாரு போல. நல்லதாப் போச்சு, லோடு எறக்க நேரமாவும், புடிச்சிரலாம்னு சந்தோசப்பட்டேன். அடுத்த பஸ்ஸப் புடிச்சு சுந்தரபாண்டியத்துல போயி எறங்குனேன். எங்கயும் தேடல. வயக்காட்டு ஓரமா, ஊருக்கு ஒதுக்குப்புறத்துல எங்க லாரி நிக்குது.

லாரிக்குப் பின்னாடி ஒரு வீடு. செவரு எழும்பி நிக்குது, மேல தளம் போட்டுக்கிட்டிருக்காவ. சாரத்துல நிக்கிறது என் பலகை. நான் தொடைச்சு அடுக்குன அதே பலகை. கலவையத் தள்ளுறது என் மம்பட்டி. சட்டி கை மாறி மேல போவுது, அதுவும் என் சட்டி. தாம்புக் கயித்துல வாளி ஏறுது. தளம் காயாம மூடுறதுக்கு என் சாக்குக் கட்டு செவரோரம் ரெடியா இருக்கு. நாலு டிரம்மையும் எறக்கி நெழல்ல வச்சிருக்காவ. மூணுல நான் கட்டுன பேண்டேஜ் துணி கட்டுனபடி இருக்கு. ஒண்ணுல துணியக் காணோம், டிரம் காலி. அந்தத் துணிய ஒரு சித்தாளு தலையில சும்மாடு சுத்தியிருக்கா.

ராஜஸ்தானுக்குன்னு நான் எடுத்துக் குடுத்த சாமான்ல அந்த வீட்டுக்கு ஒதவாதது என் தோள்ல தொங்குன பை ஒண்ணுதான். அதான் அத மறந்துட்டுப் போயிட்டாரு.

ஒரு பொம்பள கையில தம்ளரோட வந்தா. என் வயசுதான் இருக்கும். மூஞ்சில சூது வாது ஒண்ணும் தெரியல. "யாரு வேணும்க்கா? வெயில்ல வந்திருக்கீய, மொதல்ல இதக் குடிங்க"ன்னா.

வாங்கிக் குடிச்சேன். தொண்டை அப்படிக் காஞ்சிருந்துச்சு. குடிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு, எங்க ஊரு மலைத்தண்ணி. சீனியம்மா ஊத்துனதோ, அந்தப் பச்சப்பிள்ளைக்காரி ஊத்துனதோ, யார் கண்டா.

"நான் வேலுத்தாயி. இராஜபாளையம்."

நான் என்ன எதிர்பாத்தேன்? ஓடுவா, இல்ல எதுத்துச் சண்டைக்கு வருவான்னு. அவ சடார்னு குனிஞ்சு என் கால்ல விழுந்துட்டா. "அக்கா! நானே வந்து ஒங்களப் பாக்கணும்னு இருந்தேன். இந்த மனசு யாருக்கு வரும்க்கா? எனக்கு வீடு கட்ட நீங்களே சம்மதிச்சு, நீங்களே தெருவுல கேட்டு, வீட்டுக்கு ஒரு கொடம்னு தண்ணியும் வாங்கிக் குடுத்து விட்டீகளே! இங்க கெணத்துல பூராம் உப்பு. உப்புத்தண்ணியில தளம் போட்டா கம்பி துருவேறிரும்னு கொத்தனார் கைய விரிச்சிட்டாரு. ஒங்க தெரு ஜனம் நல்லாருக்கணும்க்கா."

அவ பேரு பரிபூரணம். புருசன் செத்தவ. வெவசாயக் கூலி. இவன் லாரியில உர மூட்டை எறக்க வந்த எடத்துல பழக்கமாம், ரெண்டு வருசமாச்சாம். இதெல்லாம் அவளே சொன்னா, ஒளிவு மறைவில்லாமச் சொன்னா. அவளப் பொறுத்தவரைக்கும் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

எனக்குத் துரோகம் பண்ணுனான்னா அது ஒரு மாதிரி. எத்தனையோ பேரு பண்ணுதான், எத்தனையோ பொம்பளைக அழுதுட்டுக் கெடக்காளுக. இவன் என்னையவே கையில புடிச்ச அகப்பையாட்டம் வச்சு, என் தெருவுல இருந்து அள்ளி இவளுக்கு ஊத்தியிருக்கான். அதுல எனக்குத் தியாகிப் பட்டம் வேற.

அப்பத்தான் சாரத்துல இருந்து அவன் எறங்கி வந்தான். என்னையப் பாத்ததும் மொகம் செத்துப்போச்சு. "ஏட்டி, சத்தம் போடாத. ஊரு பாக்குது. வீட்டுல போயிப் பேசிக்கிடலாம்"னான்.

"ஏலே காசிராஜா"ன்னேன்.

என் வாயில இருந்து அந்தப் பேரு அன்னைக்குத்தான் மொதத்தடவை வந்துச்சு. கொத்தனாரு மம்பட்டியக் கீழ போட்டுட்டாரு. பரிபூரணம் எந்திரிச்சு நின்னா. "இங்கதான் இருக்காலே ஒன் ராஜஸ்தான்? ஒட்டகம் எங்கலே? அந்தப் பச்சப்பிள்ளைக்காரி ஊத்துன அரைக் கொடத்த எந்தச் சட்டியிலலே கொழைச்ச?" நான் கத்தக் கத்த பரிபூரணம் என்னையும் பாக்கா, அவனையும் பாக்கா. "ராஜஸ்தானா? என்னக்கா சொல்லுதீய?"ன்னா. சொன்னேன். பாலைவனம், ஆஸ்பத்திரி, ரேடியேட்டர், எலுமிச்சம்பழம், ஒண்ணு விடாமச் சொன்னேன்.

"அக்காவுக்குத் தெரியாதா?"ன்னு அவன ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. அவன் வேட்டியில ஒட்டுன சிமெண்டத் தட்டிக்கிட்டு நின்னான்.

அவ கொத்தனாரு பக்கம் திரும்புனா. "வேலைய நிறுத்துங்கண்ணே. மிச்சத் தண்ணிய வண்டியில ஏத்துங்க."

"தளம் பாதியில நிக்கக் கூடாது தாயி, வெடிச்சிரும்."

"வெடிக்கட்டும். ஏத்துங்க."

வெடிச்சிரும்னு தெரிஞ்சேதான் சொன்னா. அவ மேல எனக்கு இன்னைக்கு வரைக்கும் கோவம் கெடையாது. அவளும் நானும் ஒரே தண்ணியில முங்கினவளுகதான்.

மூணு டிரம்மும் ஏறுச்சு. நான் முன்னாடி ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல உக்காந்தேன். "ஓட்டு"ன்னேன். அவன் வழி நெடுக, மன்னிச்சிருட்டி, காலப் புடிக்கேன், தெருவுக்குள்ள மட்டும் கூட்டிட்டுப் போவாதன்னு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது, அந்தப் பிள்ளையார்கிட்ட ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லலாமான்னு தோணுச்சு. தேங்கா வாங்கக் கையில காசில்ல. கண்ணுல தண்ணி மட்டும் நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு, அத அவன் பாக்கக் கூடாதுன்னு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பட்டப்பகல்ல வண்டி தெருவுக்குள்ள நொழைஞ்சிச்சு. எல்லாரும் ஓடியாந்தாவ. "என்ன மதினி, வண்டி ரிப்பேரா?" "அண்ணனுக்கு என்னாச்சு?" காலையில அழுத சீனியம்மா இப்பவும் அழப் போறா.

"கொடத்த எடுத்துட்டு வாங்க தாயிகளா"ன்னேன். "ராஜஸ்தான்ல நல்ல தண்ணி நெறைய இருக்காம். ஒங்க தண்ணிய ஒங்ககிட்டயே குடுக்க வந்திருக்காரு." பொறவு அவனப் பாத்து, "ஊத்துலே"ன்னேன்.

புருசன "லே"ன்னு கூப்பிட்ட அந்த ஒரு வார்த்தையிலேயே தெருவுக்குப் புரிஞ்சிருச்சு. வரிசையா வந்து நின்னாவ. அவன் வாளியில மோந்து ஒவ்வொரு கொடமா ஊத்துனான், தலை நிமிராம ஊத்துனான். ஒரு டிரம்மு கலவையோட போயிட்டதால யாருக்கும் முழுசா வரல. எனக்கு ஒரு சொட்டு வரல. கடைசி டிரம்மும் காலியானதும், என் தோள்ல இருந்த பைய எடுத்து வண்டிக்கு முன்னாடி கொக்கியில கட்டுனேன். "இதுல இருக்கது என் பங்குத் தண்ணி. வழியில குடிச்சுக்கோ. இனி நீ எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு அது ராஜஸ்தான்தான்"னேன். அவன் வண்டியப் பின்னாடியே எடுத்து முக்குல திருப்பிக்கிட்டுப் போனான்.

கூட்டம் கலைஞ்ச பொறவுதான் கவனிச்சேன். ஞானபாக்கியம் அவ வாசப்படியில நிக்கா. கையில கொடம் இல்ல. மொகத்துல ஆச்சரியமும் இல்ல.

கிட்டப் போனேன். "ஏட்டி ஞானம், ஒனக்குத் தெரியுமா?"

அவ அழுதா. "அந்தச் சுந்தரபாண்டியத்து வீட்டுக்கு எந்தம்பிதான் சென்ட்ரிங் பலகை அடிச்சான் வேலுத்தாயி. பங்குனியிலயே வந்து சொன்னான். ஒங்கிட்ட எப்படி வாயத் தொறக்கன்னு தெரியல. நான் சொன்னா நீ நம்பியிருப்பியா? என்னையத்தான ஏசியிருப்ப."

ஏசியிருப்பேன். நாலு நாள் பேசாம இருந்திருப்பேன், பொறவு போயிப் பாத்திருப்பேன். தெருத் தெருவாக் கொடத்தத் தூக்கிட்டு அலைஞ்சிருக்க மாட்டேன்ல?

காசிராஜன் பண்ணுனதுக்கு அவன் பேரச் சொல்லி ஏசிட்டேன். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் ஆறத்தான் செய்யிது. இவள என்னன்னு ஏச? பங்குனியிலேர்ந்து தெனமும் பக்கத்து மிசின்ல உக்காந்து, நான் அவனுக்குக் கித்தான் பை தைக்கிறத, ஊசி ஒடைஞ்சு வெரல்ல ஏறுனத, எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கா. ரத்தத்தத் தொடைக்கத் துணி கிழிச்சுக் குடுத்ததே அவதான். அவ வீட்டு ஒரு கொடம் தண்ணி ஏமாந்து போயிரக் கூடாதுன்னு அவளுக்குத் தோணியிருக்கு. நான் ஏமாந்து போயிரக் கூடாதுன்னு தோணல.